வேலையில் விழுந்த இடைவெளியும் கொடுத்துவிட்ட அட்வான்ஸும்

கேள்வி: கணபதியில் குடியிருக்கிறேன். பம்பு கம்பெனியில் சி.என்.சி. புரோகிராமராக இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் 2023 ஜூனில் வேலையை விட்டு, வீட்டிலிருந்தபடியே பட்டறைகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுத்தேன். 2024 ஆகஸ்டில் வேறு கம்பெனியில் சேர்ந்தேன். கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், 18,000 சம்பளம். சின்னவேடம்பட்டியில் 40 லட்சத்துக்கு வீடு பேசி, 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் அக்ரிமென்ட் போட்டோம், பதிவு செய்யவில்லை. ‘நடுவுல கேப் இருக்குதுங்க, ஆகாது’ என்று பேங்கில் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கெடு முடிய ஐந்து வாரம்தான் இருக்கிறது. பழைய தேதியில் சம்பளச் சீட்டு தயார் செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். இடைவெளியைக் காட்டிக் கடனை மறுக்கலாமா? அட்வான்ஸ் திரும்ப வருமா?
– பெயர் வேண்டாம், கணபதி, கோவை

பதில்: உங்களுக்கு அவசரம் கடன் அல்ல, அந்த 4 லட்சம். அதை முதலில் பார்ப்போம்.

டெல்லியில் 70 லட்சத்துக்கு வீடு பேசி 7 லட்சம் கொடுத்தவர், மீதியைக் கட்ட முடியாமல் போனார். 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த 7 லட்சத்தை விற்பவர் எடுத்துக்கொண்டது செல்லும் என்றது. உங்களுடையதும் அதே பத்தில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். கொடுத்த பணம் விலையின் ஒரு பகுதி மட்டும்தான் என்றால் அதைப் பறிக்க முடியாது; ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான உறுதித்தொகை என்றும், தவறினால் இழக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தால் பறிக்கலாம். ஆகவே உங்கள் அக்ரிமென்டில் அந்த வரி எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘வங்கி கடன் தரவில்லை’ என்பது சட்டத்தின் முன் சாக்கு ஆகாது. கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இன்று இந்தக் கடிதமே வந்திருக்காது. பத்திரம் எழுதுபவர்கள் அதைத் தாமாகச் சேர்ப்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதியாத ஒப்பந்தத்தையும் கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று, நம் மாநிலத்திலிருந்து போன ஹேமலதா வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த வழக்கில் ஜெயிக்க, மீதிப் பணத்தோடு நீங்கள் தயாராக இருந்ததைக் காட்ட வேண்டும். இப்போதைக்கு அந்தப் பணம் உங்களிடம் இல்லை. எனவே இந்த வாரமே வீட்டுக்காரரைப் பார்த்து, கெடுவை நீட்டித்து அக்ரிமென்டின் பின்பக்கத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்ற வரியையும் அதிலேயே கேட்டுப் பாருங்கள். கெடு முடிந்த பிறகு கேட்டால் அவர் இறங்கி வரமாட்டார்.

இனி கடன். இடைவெளி இருப்பவருக்குக் கடன் தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. அது வங்கியின் வணிக முடிவு. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போனாலும் அந்த முடிவை மாற்றச் சொல்லி முறையிட முடியாது. ஆனால் எந்தத் தொகைக் கடனாக இருந்தாலும் மறுத்த காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மனு கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். கேட்டும் 30 நாளில் பதில் இல்லாவிட்டால், அதை ஓம்புட்ஸ்மேனிடம் கொண்டு போகலாம்.

அந்த மேனேஜர் ‘கேப்’ என்றது பெரும்பாலும் படிவம் 16-ஐப் பார்த்துத்தான் இருக்கும். 2023-24-க்கான படிவத்தில் உங்களுக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளம், 2024-25-இல் எட்டு மாதம். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 42,000 வாங்கும் ஆள் அதில் தெரியமாட்டார். 2025-26-க்கான முழு ஆண்டுப் படிவம் 2026 ஜூனில் கையில் வரும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், சமீபத்திய சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறும் கணக்கின் ஓராண்டு ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக், பழைய கம்பெனியின் ரிலீவிங் கடிதம், அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்து, வேறொரு வங்கியில் நேராகப் பேசுங்கள். வீட்டு வசதி நிதி நிறுவனங்கள் இதில் சற்று இளகும், வட்டி கூடும். டிராயிங் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இருந்தும் கணக்குக் காட்டவில்லையென்றால், கூடுதல் வரியோடு இப்போதும் தாக்கல் செய்ய வழி உண்டு, ஆடிட்டரைக் கேளுங்கள். கடன் மனுவுக்காக வருமானத்தை ஊதிக் காட்ட வேண்டாம்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கைக்கு வருவதில் பாதியைத் தவணைக்கு என்று வைத்தால் உங்களுக்கு 21,000. எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய். அப்படியானால் 24 லட்சம்தான் தேறும். இடைவெளியே இல்லாவிட்டாலும் இதுதான் நிலைமை. மனைவியைச் சேர்த்து மனு போட்டால் 34 லட்சம் வரை போகும். ஆனால் 30 லட்சத்தைத் தாண்டும் கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆக 32 லட்சம். மீதி 8 லட்சமும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதமும் உங்கள் கையிலிருந்து. 40 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் இது 3 லட்சத்து 60 ஆயிரம். இதை வங்கி மதிப்போடு சேர்க்காது. அட்வான்ஸ் போக இன்னும் ஏழரை லட்சத்துக்கு மேல் வேண்டும். இருக்கிறதா?

அப்பாவின் வைத்தியச் செலவில் ஏதாவது தவணை தவறியிருந்தால் அது சிபில் அறிக்கையில் நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம். தவறாகப் பதிவாகியிருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

சம்பளச் சீட்டு தயார் செய்து தருகிறேன் என்றவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பி.எஃப். கணக்கும் வருமான வரிப் பதிவும் அந்த 14 மாதமும் காலியாகவே காட்டும். அது ஏமாற்றுதல், பொய் ஆவணம் புனைதல், அதை உண்மையானதாகப் பயன்படுத்துதல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 336, 340 பிரிவுகளில் போய் நிற்கும். ஏழு ஆண்டு வரை சிறை. முதலில் மாட்டுவது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். மனைவி இணை மனுதாரர் என்றால் அவரும்.

வீட்டுக்காரர் கெடு நீட்டிக்க மறுத்தால், கெடு முடிவதற்குள் அக்ரிமென்ட் நகலோடு உள்ளூர் வக்கீலைப் பாருங்கள். அட்வான்ஸ் பற்றிய அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நோட்டீஸ் எழுதலாமா, பேசி முடிக்கலாமா என்று அவர் சொல்ல முடியும்.