கோப்புப் பகிர்வும் செய்திக் கையொப்பமும்

மாணவர்களே, ஆசிரியர் ஒருவர் சேவையகத்திலுள்ள புள்ளிப் பட்டியலைத் தம் கணினியில் திறந்து, 45 எனப் பதிந்து சேமிக்கிறார். வழியில் ஒருவர் அப்பொதியைக் கைப்பற்றி 75 என மாற்றிவிட்டால் சேவையகம் அதனை எவ்வாறு அறியும்? இதற்கு உதவுவதே செய்திக் கையொப்பமாகும்.

செயற்படும் விதம்

வலையமைப்பிற் கோப்புகளைப் பகிர்வதற்கான நெறிமுறைகளுள் ஒன்று எஸ்எம்பி. லினக்ஸ் கணினிகளில் இதனைச் சாம்பா எனும் திறந்த மூல மென்பொருள் வழங்குகிறது. பயனர் புகுபதியும்போது இரு கணினிகளுக்கும் பொதுவான இரகசியச் சாவி உருவாகும். அதனைக் கொண்டு ஒவ்வொரு செய்திக்கும் 16 பைற்றுக் கையொப்பம் கணிக்கப்படும். பெறும் கணினி மீளக் கணித்துப் பார்க்கும். பொருந்தாவிடின் செய்தியை நிராகரிக்கும்.

அமைத்தல்

சாம்பாவின் அமைப்புக் கோப்பில், குளோபல் பகுதியில் "சேர்வர் சைனிங்" எனும் வரிக்குப் பின்வரும் பெறுமானங்களுள் ஒன்றை இடலாம்.

1. ஓட்டோ – கையொப்பம் விருப்பத்திற்குரியது.
2. மன்டேட்டரி – கையொப்பம் கட்டாயமானது.
3. டிசேபிள்ட் – எஸ்எம்பி2 முதலான பதிப்புகளில் இது ஓட்டோ போன்றே செயற்படும்.

மாற்றிய பின் "டெஸ்ட்பார்ம்" கட்டளையாற் பிழைகளைச் சரிபார்த்து, சேவையை மீள ஆரம்பிக்கவும்.

நினைவிற் கொள்க

எஸ்எம்பி2 முதலாக, இரு பக்கங்களுள் ஒன்றாவது கட்டாயப்படுத்தினால் கையொப்பம் இடப்படும். இரண்டும் விருப்பத்திற்குரியதாக விட்டால் கோப்புத் தரவு கையொப்பமின்றியே செல்லும். எனவே "விருப்பம்" என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதமன்று.

கையொப்பம் மாற்றத்தைக் கண்டறியும், உள்ளடக்கத்தை மறைக்காது. மறைப்பதற்கு மறைகுறியாக்கம் வேண்டும்.

மாதிரி வினா

சேவையகம் "ஓட்டோ" நிலையில் உள்ளது. அலுவலகக் கணினி கையொப்பத்தைக் கட்டாயப்படுத்துகிறது. நூலகக் கணினி கட்டாயப்படுத்தவில்லை.
(அ) எவ்விணைப்பில் கையொப்பம் இடப்படும்?
(ஆ) இரண்டிலும் இடப்படச் சேவையகத்தில் என்ன செய்ய வேண்டும்?
(இ) அதனால் எழக்கூடிய ஒரு சிக்கலைத் தருக.

விடை

(அ) அலுவலகக் கணினியின் இணைப்பில் மாத்திரம்.
(ஆ) "சேர்வர் சைனிங்" பெறுமானத்தை மன்டேட்டரி என மாற்றல்.
(இ) கடவுச்சொல்லின்றி விருந்தினராக நுழைவோருக்கு இரகசியச் சாவி இல்லை. ஆகவே அவர்களது இணைப்பு தடைப்படலாம். ஒவ்வொருவருக்கும் பயனர் கணக்கு வழங்குவதே தீர்வாகும்.

குறிப்பு: 2024 இல் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், புரோ, எடியுகேஷன் வகைகளிற் கையொப்பம் இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டது. காரணத்துடன் விடை எழுதப் பழகுங்கள்.