மானையும் வான்கோழியையும் பாடம் செய்ய: புதிய வேட்டைக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் விஸ்கான்சினில் துப்பாக்கி மான் வேட்டை தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். கிராமங்களில், இறந்த விலங்கை உயிருள்ளதுபோல் பாடம் செய்பவர்களின் வாசலில் அப்போது பிக்கப் வண்டிகள் வந்து நிற்கும். இறங்கும் வெள்ளைவால் மான்களில் சில, கழுத்து அறுபட்டு, முடி தேய்ந்து, தோல் கெடத் தொடங்கிய நிலையில் இருக்கும். கெட்ட தோலை எந்தக் கைவினைஞராலும் மீட்க முடியாது. பாடம் செய்யும் வேலையின் முதல் பாதி காட்டில், உங்கள் கையில்தான் நடக்கிறது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. இந்த வழிகாட்டி அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டையாடத் தொடங்கும் தமிழர்களுக்கானது.

படி 1: பாடம் செய்பவரை முன்கூட்டியே பாருங்கள்

கிராமத்தில் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய கொட்டகையே பட்டறை. வேட்டைக்காலம் தொடங்குமுன் நேரில் போங்கள். மாநில அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். முடித்து வைத்திருக்கும் தலைகளை அருகில் நின்று பாருங்கள்: இமை கண்ணோடு பொருந்தியிருக்கிறதா, காது விளிம்பு சுருங்காமல் இருக்கிறதா, தையல் முடிக்குள் மறைந்திருக்கிறதா? தோள்வரையிலான மான் பாடத்துக்குப் பல நூறு டாலர் ஆகும். ஓராண்டு காத்திருப்பதும் சகஜம். விலை, முன்பணம், முடியும் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

படி 2: மான் விழுந்த இடத்தில்

குடலை எடுக்கும்போது கத்தியை வயிற்றோடு நிறுத்துங்கள். நெஞ்செலும்பைத் தாண்டி மேலே ஏற்றாதீர்கள். ரத்தம் வடியட்டும் என்று தொண்டையை அறுக்க வேண்டாம். அந்த வெட்டு முகத்துக்கு நேர் கீழே, வருவோர் கண்ணில் முதலில் படும் தையலாகிவிடும்.

கழுத்தில் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. குளிர்கால மான் முடி உள்ளீடற்றது, எளிதில் ஒடியும். தோள்பகுதி தரையில் உராயாதபடி சறுக்குப் பலகையில் ஏற்றி இழுங்கள். உடல் சூடு தணியாவிட்டால் பாக்டீரியா பெருகி முடி கொத்துக் கொத்தாக உதிரும். சீக்கிரம் குளிரவையுங்கள்.

படி 3: தோலை உரித்தல்

முன்னங்கால்களுக்கு நன்றாகப் பின்னால், விலா நடுவில் உடலைச் சுற்றி ஒரு வெட்டு. முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே இன்னொரு வளைய வெட்டு. அங்கிருந்து காலின் பின்புறமாக ஏறி உடல் வெட்டோடு சேருங்கள். பிறகு சட்டையைத் தலைவழியே கழற்றுவதுபோல் தோலை முன்னோக்கி உரித்து, தலையை ஒட்டிய கழுத்து மூட்டில் பிரித்தெடுங்கள்.

தோலைத் தாராளமாக விடுங்கள். மிஞ்சினால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்டுப்போட முடியாது. முகத்தில் கை வைக்காதீர்கள். உரிக்காத தலையில் உப்பும் தடவாதீர்கள். அன்றே கொடுக்க முடியாவிட்டால் குளிரவைத்து, சுருட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, உறைபெட்டியில் வையுங்கள்.

படி 4: வான்கோழி என்றால்

விஸ்கான்சினின் வசந்தகால வேட்டையில், ஆண் பறவையை அல்லது மார்பில் தாடிபோன்ற இறகுக்கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். விழுந்தபின் சிறகடித்து உருண்டால் இறகுகள் ஒடியும். கால்முள் குத்தாமல் பார்த்து, காலைப் பிடித்துத் தூக்குங்கள்.

முழு உருவமாகப் பாடம் செய்ய வேண்டுமானால் குடலை எடுக்காதீர்கள், ஓர் இறகையும் பிடுங்காதீர்கள். ரத்தத்தை உடனே ஒற்றியெடுத்து, அலகிலும் காயத்திலும் பஞ்சு வையுங்கள். தலையைச் சிறகுக்கடியில் மடக்கி, வால் வளையாதபடி அட்டை வைத்து, பையில் இட்டு உறையவையுங்கள்.

செலவைக் குறைக்க வால் விசிறி மட்டும் போதும். வாலை அடியோடு வெட்டி, சதையையும் கொழுப்பையும் முழுதாகச் சுரண்டி, வெண்காரம் தடவி, அட்டையில் விரித்து ஊசி குத்திச் சில வாரம் உலரவிடுங்கள்.

படி 5: பதிவும் நோய்ப் பரிசோதனையும்

விஸ்கான்சினில் வேட்டையாடியதை மறுநாள் மாலை 5 மணிக்குள் மாநில அரசிடம் பதிவுசெய்து, அந்த எண்ணைப் பட்டறையில் கொடுங்கள். மான்களை மெலியவைத்துக் கொல்லும் சிடபிள்யூடி என்ற மூளைநோய் விஸ்கான்சினில் 2002-ல் கண்டறியப்பட்டது. இதனால் முழு உடலை வேறிடம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. பரிசோதனைக்கு வேண்டிய நிணநீர்க் கணுக்கள் தலைப்பகுதியில் இருப்பதால், மாதிரி எடுப்பதைப் பற்றிப் பாடம் செய்பவரிடம் முன்பே பேசுங்கள். நோய் உறுதியானால் இறைச்சியைச் சாப்பிடாதீர்கள்.

பருந்து, ஆந்தை, கழுகு எதையாவது செத்துக் கிடக்கக் கண்டாலும் எடுத்துவராதீர்கள். அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

படி 6: பட்டறையில் நடப்பது

மான் தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டி, உப்பிட்டு, அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பதனிடுவார்கள். பிறகு அளவுக்கேற்ற நுரை அச்சில் கண்ணாடிக் கண் பதித்து, களிமண்ணால் இமை வடித்து, தோலைப் பசையிட்டுப் போர்த்தித் தைப்பார்கள். உலர்ந்தபின் மூக்குக்கும் கண்ணோரத்துக்கும் வண்ணம் தீட்டுவார்கள்.

இந்தக் கலைக்கு விஸ்கான்சினில் நல்ல வேர் உண்டு. 1890-ல் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் கார்ல் ஏக்லி என்ற பாடம் செய்யும் கலைஞர், மஸ்க்ராட் என்ற கொறிவிலங்குகளை அவை வாழும் நீர்நிலையோடு சேர்த்தே காட்சியாக அமைத்தார். உயிருள்ள விலங்கு எப்படி நிற்கும், எங்கே பார்க்கும் என்று தெரிந்தவரே நல்ல கைவினைஞர். நீங்களும் உங்கள் விலங்கு நின்ற விதத்தை அவரிடம் சொல்லித் தலையின் திருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: வீட்டுச் சுவரில்

வெயிலும் கணப்பின் சூடும் படாத இடத்தில் மாட்டுங்கள். முடி, இறகு படிந்திருக்கும் திசையிலேயே தூசி துடையுங்கள். பூச்சி விழுந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

விஸ்கான்சினில் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காட்டு வான்கோழி அற்றுப்போயிருந்தது. 1976-ல் மிசௌரியிலிருந்து 29 பறவைகளைக் கொண்டுவந்து வெர்னான் கவுண்டியில் விட்டுத்தான் மீட்டெடுத்தார்கள். அப்படி மீண்டுவந்த பறவை உங்கள் கையில் இருக்கும்போது, கவனக்குறைவால் ஓர் இறகுகூட ஒடியவிடாதீர்கள்.