தோல் பையின் கறையும் வாடையும்
(தஹாரத் சட்டங்களும் துப்புரவு முறைகளும்)

பிஸ்மில்லாஹ். கால்நடைகளின் தோல் அல்லாஹ் நமக்கு வழங்கிய அருட்கொடைகளில் ஒன்று. பிரயாணத்திலும் தங்குமிடத்திலும் இலகுவாகச் சுமந்து செல்லத் தக்க கூடாரங்களை அத்தோல்களைக் கொண்டு அமைத்துத் தந்ததை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80-ஆம் வசனத்தில் அவன் நினைவூட்டுகிறான். நமது நாயகம் (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்ச நார் அடைத்த தோல் விரிப்பாக இருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையாலேயே தோல் பதனிட்டு, அந்த உழைப்பின் வருவாயை ஏழைகளுக்கு ஈந்தவர்கள்.

இன்று நம் வீட்டுப் பெண்களின் தோளில் தொங்கும் கைப்பையும் அதே தோல்தான். அதில் பணம் இருக்கும். மருந்துச் சீட்டு இருக்கும். யாஸீன் கிதாபு இருக்கும். கைக்குழந்தையின் துணியும் இருக்கும். ஒரு நாள் அதில் ஏதோ கறை படிகிறது. அல்லது மழைக் காலத்தில் ஒரு வாடை வீசுகிறது. உடனே இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. சிலர் எல்லாக் கறையையும் நஜீஸ் என்று அஞ்சி, பிரயாணத்தில் தொழுகையையே தள்ளிப் போட்டு விடுகிறார்கள். வேறு சிலர் குழந்தை சிறுநீர் கழித்த பையை ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்து விட்டு, அதைத் தோளில் மாட்டிக் கொண்டே தொழுது விடுகிறார்கள். முதலாமவர் வக்தைத் தவற விடுகிறார். இரண்டாமவரின் தொழுகை நிறைவேறுவதே கேள்விக்குரியதாகிறது. ஆகவே இந்தச் சிறிய விஷயத்தை நாம் சற்று விரிவாகவே அறிந்து கொள்வது அவசியம்.

தோல் எப்போது சுத்தமாகிறது?

உண்ண ஆகுமான பிராணியை முறைப்படி அறுத்தால் அதன் தோல் பதனிடும் முன்பே சுத்தமானது. தானாகச் செத்த பிராணியின் தோல் பதனிட்ட பிறகே சுத்தமாகும். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன் பெற்றிருக்கக் கூடாதா என்று வினவினார்கள். அது செத்த ஆடாயிற்றே என்று கூறப்பட்டபோது, அதை உண்பது மட்டுமே தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

பதனிடுதல் என்றால் என்ன? தோலில் ஒட்டியுள்ள இரத்தம், சதை, ஈரப்பசை ஆகியவற்றைத் துவர்ப்பும் காரமும் உள்ள பொருளால் நீக்குவதே பதனிடுதல் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. அதற்கு ஓர் அளவுகோலும் சொல்கின்றன: பதனிட்ட தோலை மீண்டும் நீரில் ஊற வைத்தால் அது அழுகவோ நாறவோ கூடாது. வெயிலில் காய வைப்பதும் உப்பிட்டு வைப்பதும் மட்டும் இந்த மத்ஹபில் போதாது. ஹனஃபீ மத்ஹபில் அவையும் பதனிடுதலாகவே கொள்ளப்படும்.

அரபு நாட்டில் இதற்குக் கருவேல இனத்து மரத்தின் இலையையும் காயையும் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் தொன்று தொட்டுப் பயன்பட்டன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகளை அறிந்தவர்களுக்கு அந்த வாடை பழக்கமானதே. பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவிற்று. சென்னையின் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். பட்டையாயினும் உப்பாயினும், தோல் இனி அழுகாது என்ற நிலை வந்து விட்டால் நோக்கம் நிறைவேறி விடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் பதனிட்ட தோலை ஒரு முறை நீரால் கழுவவும் வேண்டும். தொழிற்சாலையில் தோல் பல தடவை நீரில் அலசப்பட்டே வெளி வருகிறது.

ஆக, கடையில் வாங்கிய மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் பைகளைப் பற்றி, அறுத்ததா செத்ததா என்று துருவ வேண்டியதில்லை. எப்படியாயினும் பதனிட்டதால் அது சுத்தமே.

பன்றித் தோலின் நிலை வேறு. அது எவ்வளவு பதனிட்டாலும் இரு மத்ஹபுகளிலும் சுத்தமாகாது. நாய்த் தோலும் ஷாஃபிஈ மத்ஹபில் அப்படியே. வெளிநாட்டுப் பைகள் சிலவற்றின் உட்புறத்தில் பன்றித் தோல் வைத்துத் தைப்பதுண்டு. அதை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பன்றித் தோலின் மயிர்த் துளைகள் மும்மூன்றாக, முக்கோண வடிவில் கூடி நிற்கும்; தோலின் தடிமன் முழுவதையும் ஊடுருவி மறுபுறத்திலும் தெரியும். சந்தேகம் வந்தால் விற்பவரைக் கேளுங்கள். ரெக்ஸின் பை தோலே அன்று. துணி மேல் பூசிய பிளாஸ்டிக்தான். அதற்குத் தோலின் சட்டங்கள் இல்லை.

எது அழுக்கு, எது நஜீஸ்?

எண்ணெய்ப் பிசுக்கு, பேனா மை, தேநீர், குழம்பு, வியர்வை, பாசி போன்ற பூஞ்சணம், கருவாட்டு வாடை ஆகிய இவை அழுக்குகளே, நஜீஸ் அல்ல. இவற்றுடன் தொழுதால் தொழுகைக்குப் பழுதில்லை. ஆனால் பிறர் முகம் சுளிக்கும் வாடையுடன் சபையில் அமர்வது நம் மார்க்கத்தின் நாகரிகம் அன்று. வெங்காயம், பூண்டு தின்று விட்டுப் பள்ளிவாசலுக்கு வர வேண்டாமென்று தடுத்த மார்க்கம் அல்லவா இது!

இரத்தம், சிறுநீர், மலம், வாந்தி ஆகியவை நஜீஸ்கள். இவை படிந்த பையைச் சுமந்து கொண்டு தொழுதால் ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகை கூடாது. தொழுது முடித்த பிறகு தெரிய வந்தாலும் மீட்டித் தொழ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் கடின நஜீஸ் ஒரு திர்ஹம் அளவு வரை மன்னிக்கப்படும். அதையும் கழுவிக் கொள்வதே நன்று. பையைத் தோளிலிருந்து கழற்றி, உடலிலும் உடையிலும் படாதவாறு தள்ளி வைத்து விட்டால் தொழுகைக்குத் தடையில்லை. இரயிலிலும் பேருந்து நிலையத்திலும் தொழும் சகோதரிகள் இதை நினைவில் வைக்கட்டும். பை அசுத்தமாகி விட்டது என்பதற்காக வக்தை விட வேண்டியதே இல்லை.

நஜீஸ் பட்ட பையைக் கழுவும் முறை

தோல் பை நனைந்தால் கெட்டு விடும் என்ற அச்சத்தால்தான் பலர் கழுவத் தயங்குகிறார்கள். உண்மையில் பை முழுவதையும் நனைக்க மார்க்கம் சொல்லவில்லை. பட்ட இடத்தைக் கழுவினால் போதும்.

முதலில் பையைக் காலி செய்யுங்கள். நஜீஸின் பொருள் இருந்தால் தாளாலோ துணியாலோ ஒற்றி எடுத்து விடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். பிறகு பட்ட இடத்தைச் சாய்வாகப் பிடித்து, அதன் மேல் சுத்தமான நீரை ஓட விடுங்கள். கறையின் சுவை, நிறம், வாடை மூன்றும் நீங்கும் வரை கழுவ வேண்டும். உலர்ந்து போய், நிறமோ வாடையோ எதுவும் தெரியாத சிறுநீராயின், ஒரு முறை நீர் ஓடினாலே ஷாஃபிஈ மத்ஹபில் போதும். பிழிய வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. ஹனஃபீ மத்ஹபில், பிழிய இயலாத பொருளை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் நீர் சொட்டுவது நிற்கும் வரை விட்டு வைக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். நீரைப் பையின் மேல் ஊற்ற வேண்டுமே தவிர, பையைச் சிறு வாளி நீருக்குள் முக்கக் கூடாது. இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால் அந்த நீர் முழுவதும் நஜீஸாகி விடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஈரத் துணியால் துடைப்பதும் கழுவியதாக ஆகாது. அது நஜீஸைப் பரப்பவே செய்யும்.

நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகும் நிறம் மட்டும் போகவில்லையா? அல்லது வாடை மட்டும் நிற்கிறதா? அகற்றுவது சிரமமாகி விட்டால் அது மன்னிக்கப்படும். இடம் சுத்தமாகி விட்டது. நிறமும் வாடையும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றால்தான் மன்னிப்பில்லை. பழைய இரத்தக் கறையின் தடம் தோலில் தங்கி விட்டதே என்று பையைத் தூக்கி எறிவோர் இதை அறிய வேண்டும். எறிவது வீண் விரயம்.

பால் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீர் பட்டால், அந்த இடம் முழுவதும் நனையும்படி நீரைத் தெளித்தால் ஷாஃபிஈ மத்ஹபில் போதும். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் குழந்தை நபி (ஸல்) அவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்தபோது அவர்கள் அவ்வாறே செய்தார்கள். பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும்.

ஈர மூக்குடன் நாய் பையை முகர்ந்து விட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் ஏழு முறை கழுவி, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இரண்டும் உலர்ந்திருந்தால் ஒன்றும் இல்லை.

கழுவிய பிறகு செய்ய வேண்டியவை

நனைந்த இடத்தில் வட்டமாக நீர்த் தடம் விழாமலிருக்க, அந்தப் பக்கத் தோலைத் தையல் வரை சுத்தமான ஈரத் துணியால் ஒரே சீராக ஒற்றி விடுங்கள். இதை இடம் சுத்தமான பிறகே செய்ய வேண்டும். பின் பைக்குள் வெள்ளைத் துணியையோ தாளையோ அடைத்து, நிழலில் காற்றாட ஒன்றிரண்டு நாள் தொங்க விடுங்கள். வெயிலிலும் அடுப்பு ஓரத்திலும் வைத்தால் தோலிலுள்ள எண்ணெய்ப்பசை வற்றி வெடித்து விடும். உலர்ந்ததும் தோலுக்குரிய களிம்பை, அது இல்லையெனில் விளக்கெண்ணெயில் இரண்டொரு துளியைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். நிறம் சற்றுக் கருக்கலாம். ஆகவே மறைவான மூலையில் முதலில் பூசிப் பாருங்கள். அதிகம் பூசினால் அதுவே பிசுக்காகும்.

பதனிட்ட தோல் இயல்பிலே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. சலவைச் சோடா, துணி சோப்பு, சாம்பல் ஆகியவை அதற்கு எதிரானவை. தோலை விறைக்க வைக்கும்.

அழுக்குகளையும் வாடையையும் போக்க

எண்ணெய்க் கறை: நீர் படவே கூடாது. முகப் பவுடரையோ சோள மாவையோ தூவி ஓர் இரவு விட்டுக் காலையில் மென்மையாகத் தட்டி விடுங்கள். தேவையானால் மீண்டும் செய்யுங்கள்.

மைக் கறை: ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கச் சிலர் சொல்வர். அது மையுடன் தோலின் சாயத்தையும் கரைத்து விடும்; அதன் நஜீஸ் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. தவிர்ப்பதே பேணுதல். மைத் தடம் தொழுகைக்குத் தடையன்று.

பூஞ்சணம்: வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை அப்புறப்படுத்துங்கள். வினிகரும் நீரும் சமமாகக் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்துக் காற்றாட விடுங்கள். பையை பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டி வைப்பதே பூஞ்சணத்துக்குப் பெருங் காரணம். பருத்தித் துணி உறை நல்லது.

வாடை: உட்புறத் துணியை வெளியே இழுத்து உதறுங்கள். பெரும்பாலும் வாடை தோலில் இல்லை, இந்தத் துணியில்தான். அடுப்புக் கரித் துண்டுகளை ஒரு துணியில் முடிந்து பைக்குள் வைத்து, மூன்று நான்கு நாள் மூடி வையுங்கள். கரி வாடையை ஈர்த்துக் கொள்ளும். அத்தர் தெளித்து வாடையை மறைக்க வேண்டாம். இரண்டும் கலந்து புதிய வாடையாகும். தோலிலும் கறை விழும்.

புதிதாக வாங்கிய பை நனைந்தவுடன் அழுகல் நாற்றம் வீசினால், அதைச் சாதாரண வாடை என்று விட்டு விடாதீர்கள். அது சரியாகப் பதனிடப்படாத தோலாக இருக்கக் கூடும். நமது சட்ட நூல்கள் சொன்ன அளவுகோலும் தோல் தொழில் செய்வோரின் அனுபவமும் இங்கே ஒன்றாகின்றன. அத்தகைய பையைத் தொழுகையில் சுமக்காமல், விற்றவரிடம் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

இறுதியாக ஒரு சொல். யாஸீன் கிதாபையோ முஸ்ஹஃபையோ பையில் வைப்பவர்கள், அதற்கென ஒரு தனி அறையை ஒதுக்கி, சுத்தமான துணி உறையிட்டு வையுங்கள். குழந்தையின் ஈரத் துணிக்கு வேறொரு பையைக் கொண்டு செல்லுங்கள். கறை பட்ட பின் கழுவுவதை விட, படாமல் காப்பது எளிது.

உறுதியாகத் தெரிந்த நஜீஸைக் கழுவுவோம். சந்தேகத்தின் மேல் சந்தேகத்தை அடுக்கும் வஸ்வாஸை விட்டு விலகுவோம். தூய்மையாளர்களை நேசிக்கும் வல்ல அல்லாஹ், நம் உள்ளத்தையும் உடலையும் உடைமைகளையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.