முத்துக் குளிக்கும் பருவம்

தூத்துக்குடிக் கடல் முத்திற்குப் பெயர் பெற்றது. பண்டை நாளில் தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த கொற்கையே இதன் துறைமுகம். ஆறு கொணர்ந்த மணலால் அதனைக் கடல் விட்டு அகல, வாணிகம் காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

முத்துக் குளிப்புக்கு உரிய காலம் வேனில். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று எழுமுன் உள்ள பங்குனி, சித்திரைத் திங்களில் மன்னார் வளைகுடா அலையடங்கி, நீர் தெளிந்து விளங்கும். அப்பொழுது குளிப்போர் கல் கட்டிய கயிற்றைப் பற்றி ஆழத்துள் இறங்குவர். மூச்சை அடக்கிச் சிப்பிகளைத் திரட்டியதும், படகில் உள்ள துணைவர் அவர்களை மேலே இழுப்பர். அத்துணைவரது விழிப்பே அவர்தம் உயிருக்குக் காவல்.

ஆயினும், கடல் அடங்கியமையால் மட்டும் குளிப்பு நடந்துவிடவில்லை. சிப்பி வாழும் கடலடித் திட்டுகளுக்குப் 'பார்' என்பது பெயர். அரசாங்கத்தார் பார்களை முன்னரே சோதித்து, முதிர்ந்த சிப்பி மிகுந்திருந்தால் மட்டுமே குளிப்பை அறிவித்தனர். இன்றேல் பல்லாண்டு காத்திருந்தனர்.

இறுதிக் குளிப்பு 1961-இல் நடைபெற்றது. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு பெருகவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தனர்.

காற்று ஓயும் காலம் ஆண்டுதோறும் வரும். கடலின் வளம் நிறையும் காலமோ பொறுத்திருப்பார்க்கே வாய்க்கும்.