ஜிம்மே கதியென்று கிடப்பவர்கள்

பேராக்கின் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு பையன் நாள் தவறாமல் ஜிம்முக்குப் போனால், 'அடிதடிக் கும்பலில் சேர்ந்துவிட்டானா?' என்றுதான் வீட்டில் முதலில் பயப்படுகிறார்கள். பளு தூக்கிக் களைத்துப்போய், முட்டையும் கோழியும் தின்றுவிட்டு நேரத்தோடு தூங்குகிறவனுக்குக் கும்பலோடு சுற்ற நேரமேது? இப்படி ஜிம்மைப் பற்றி இன்னும் சில நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: தாத்தா தோளில் காண்டாக் கட்டையில் பால் வாளி சுமந்த எஸ்டேட் உடம்பு; பேரனுக்குத் தானாக வரும்.

உண்மை: வராது. தினமும் ஒரே சுமையைத் தூக்கினால் தசை அதற்குப் பழகி, வளர்வதை நிறுத்திவிடும். சுமை படிப்படியாகக் கூட வேண்டும். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும், ஓய்வும் வேண்டும். விடியுமுன் தோட்டத்தில் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடியவர்களுக்கு இதில் எது கிடைத்தது?

நம்பிக்கை: எல்லாம் அழகு காட்டத்தான்.

உண்மை: முதல் சில வாரங்களில் தசை அவ்வளவாகப் பெருப்பதில்லை, நரம்புகள் பழகுவதால் பலம் மட்டும் கூடுகிறது. கண்ணாடி எதையும் காட்டுமுன்பே, போன மாதம் அசையாத இரும்பு இந்த மாதம் எழுகிறது. பற்று பிடிப்பது அங்கேதான். ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டியும், தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ மாறியதும் லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் பேராக்கில் ஏராளம். உழைப்பு ஒருவருடையது, பலன் இன்னொருவருடையது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, உழைத்தது தன் தோளிலேயே தங்குவது சின்ன விஷயமல்ல என்று நினைக்கிறேன். மனோகர் ஐச்சையும் பாருங்கள். ஆங்கிலேய அதிகாரியை அறைந்து சிறைக்குப் போன வங்காளத்து உடற்கட்டு வீரர் அவர்; கைதட்ட ஆளில்லாத சிறைக்குள்தான் பயிற்சியைத் தீவிரமாக்கினார். 4 அடி 11 அங்குல உயரக்காரர், 1952இல் தன் உயரப் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார்.

நம்பிக்கை: ஊசி போடாமல் இந்த உடம்பு வராது.

உண்மை: கட்டான உடம்பு சோற்றாலும் உழைப்பாலும் வரும், ஆண்டுகள் பிடிக்கும். அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஏற்றினால் உடல் தன் ஹார்மோன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், இதயமும் பாதிக்கப்படும்.

பற்று நோயாவதும் உண்டு. எவ்வளவு பெருத்தாலும் தன்னை ஒல்லியாகவே காணும் மனநிலைக்கு 1997இல் ஹாரிசன் போப் குழுவினர் 'தசை டிஸ்மார்ஃபியா' என்று பெயரிட்டார்கள். காயத்தோடும் பளு தூக்குவது, பயிற்சி தவறுமென்று அக்காள் கல்யாணத்துக்கே வர மறுப்பது, வெயிலிலும் சட்டைமேல் சட்டை போட்டு உடம்பை மறைப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இதைத் திமிர் என்று திட்டித் தீர்க்க முடியாது. மனநல மருத்துவர் என்றதும், மனநல மருத்துவமனைக்குப் பேர்போன ஊரைச் சொல்லி 'தஞ்சோங் ரம்புத்தானா?' என்று கேலி பேசும் ஊர் நம்முடையது. அதைப் பொருட்படுத்தாமல் பக்கத்து அரசு கிளினிக்கில் முதலில் காட்டுங்கள்; தேவைப்பட்டால் அவர்களே மேற்கொண்டு அனுப்புவார்கள்.