வீடியோ கேமரா வாங்கும் முன் தெரிந்து கொள்வோம்



அடுத்த மாதம் என் தம்பிக்குக் காதணி விழா. அதற்கு ஒரு வீடியோ கேமரா வாங்கலாம் என்று மாமா சொன்னார். உடனே அம்மா பீரோவைத் திறந்து ஒரு சின்ன கேசட்டை எடுத்து வந்தார். 2008-இல் அம்மா கல்யாணத்தில் மாமா தன் கேமராவில் எடுத்தது. "இதுல உங்க தாத்தா இருக்கார். முதல்ல இதைப் பார்க்க வழி சொல்லுங்க" என்றார். தாத்தா 2010-இல் இறந்துவிட்டார். நான் அவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். குரலைக் கேட்டதே இல்லை.

அந்தக் கேசட்டின் பெயர் மினி டி.வி. இங்கே டி.வி. என்றால் தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ. 1995-இல் வந்த முறை இது. சாதாரணமாக ஒரு கேசட்டில் 60 நிமிடம் பதியலாம். மாமாவின் பழைய கேமரா நல்லவேளையாக ஓடியது. யு.எஸ்.பி. வயரை மடிக்கணினியில் சொருகினோம். கார்டில் இருந்த போட்டோ மட்டும்தான் வந்தது. கேசட்டில் உள்ள படம் வர ஃபயர்வயர் என்ற வேறு வயர் வேண்டுமாம். எங்கள் மடிக்கணினியில் அதற்கு இடமே இல்லை.

டவுனில் ஒரு ஸ்டுடியோவில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அங்கே மாற்றினோம். 60 நிமிடக் கேசட் ஓடி முடிய 60 நிமிடம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. நொடிக்குச் சுமார் 3.6 எம்.பி. என்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? 3.6 × 3600 = 12,960 எம்.பி. அதாவது ஏறக்குறைய 13 ஜி.பி. நாங்கள் கொண்டுபோன 8 ஜி.பி. பென்டிரைவ் பத்தவில்லை.

தாத்தா வாசலில் நின்று பேசினார். ஆனால் மைக்செட் பாட்டுச் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் பந்தியில் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தார். "ரசம் எல்லாருக்கும் வந்துச்சா? கேட்டு ஊத்துங்கப்பா" என்றார். அவ்வளவுதான். அம்மா, "இன்னொரு தடவை போடுங்க" என்றார். ஸ்டுடியோ அண்ணன் நாலு தடவை போட்டார்.

இதிலிருந்து நான் தெரிந்து கொண்டவை:

1. எதில் பதிகிறது? கேசட், சின்ன டி.வி.டி. தட்டு, மெமரி கார்டு என்று பல வகை கேமராக்கள் வந்தன. 8 செ.மீ. தட்டில் 1.4 ஜி.பி.தான் பிடிக்கும். கார்டில் எடுத்தால் கம்ப்யூட்டரில் நேராக நகல் எடுக்கலாம். எனவே படம் எந்த வழியில் கம்ப்யூட்டருக்குப் போகும் என்று முதலில் கேளுங்கள்.

2. ஜூம்: ஆப்டிகல் ஜூம் லென்சால் பெரிதாக்கும், படம் தெளிவாக இருக்கும். டிஜிட்டல் ஜூம் எடுத்த படத்தையே இழுத்துப் பெரிதாக்கும், மங்கிவிடும். பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.

3. ஒலி: தனி மைக் சொருக வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேசுபவரின் பக்கத்தில் போய் எடுங்கள்.

4. வெளிச்சம்: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 30 படம் என்று வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் வீடியோ மினுமினுக்கலாம். 25 என்று மாற்ற முடிந்தால் நல்லது.

5. எடிட்டிங்: 4கே படத்தில் 1080 படத்தைப் போல நாலு மடங்கு புள்ளிகள். பழைய கம்ப்யூட்டர் திணறும். வீட்டு விழாவுக்கு 1080 போதும்.

கடைசியில் மாமா கேமரா வாங்கவில்லை. அவர் செல்போனிலேயே 1080 இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு ஸ்டாண்டு, ஒரு சின்ன மைக், இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறோம். ஒன்று எங்கள் வீட்டில், இன்னொன்று மாமா வீட்டில் இருக்கும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்குமே! காதணி விழாவில் முதல் வேலையாக, பாட்டுப் போடும் முன்பே, அம்மாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லி எடுக்கப் போகிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டு பீரோவிலும் கேசட் இருக்கலாம். அதை ஓட்டும் கேமரா ஓடுகிறபோதே மாற்றிவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: இப்படி 3 கேசட் இருந்தால், 32 ஜி.பி. பென்டிரைவில் அடங்குமா? விடையை எழுதி இந்தத் தாளின் கீழே ஒட்டுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி