ஹீட்டிங் சிஸ்டத்தில் மறுபடி தண்ணீர் நிரப்புவது எப்படி?

லண்டனில் கோடையில் வீட்டு வேலை பார்த்தவர்களுக்கு அக்டோபரில்தான் சோதனை வரும். சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருப்பார்கள். பழைய ரேடியேட்டரைக் கழற்றி வேறு சுவரில் மாட்டி, அதற்குப் புது பைப் ஓட்டியிருப்பார்கள். முதல் குளிருக்கு பாய்லரைப் போட்டால் கீழ்த்தளம் கொதிக்கும், மேல்மாடி சில்லென்று கிடக்கும். இல்லாவிட்டால், "அண்ணை, பிரஷர் திரும்பவும் பூச்சியத்துக்கு வந்திட்டுது" என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் வரும். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் நான் போய்ப் பார்த்த வீடுகளில் பைப் வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தது. அவசர அவசரமாகத் தண்ணீர் நிரப்பியதில்தான் எல்லாம் கெட்டிருந்தது.

நான் சொல்வது பிரஷர் கேஜ் உள்ள சீல்டு சிஸ்டத்துக்கு மட்டும். மாடிக்கு மேலே சின்னத் தொட்டி வைத்து ஓடும் பழைய முறைக்கு இது பொருந்தாது. இன்னொன்று: கேஸ் பைப்பையும் பாய்லரின் மூடியையும் நீங்கள் தொடக்கூடாது. பிரிட்டனில் அந்த வேலைக்கு கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் வரவேண்டும், அது சட்டம். தண்ணீர்ப் பக்கத்து வேலையை, பானா பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம்.

பாய்லரை மின்சாரத்திலேயே அணைத்து, தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள். ஒவ்வொரு ரேடியேட்டரின் லாக்‌ஷீல்ட் வால்வும் எத்தனை சுற்றில் மூடுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் பிறகு வீடு முழுவதும் சூட்டைச் சமன்படுத்த ஒரு நாள் போய்விடும். எழுதியபின் எல்லாவற்றையும் முழுவதும் திறந்துவிட்டு, கீழ்மட்டத்தில் இருக்கும் டிரெயின் காக்கில் ஹோஸ் மாட்டி வெளியே விடுங்கள். மேல்மாடி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகுகளைத் திறந்தால்தான் தண்ணீர் முழுவதும் இறங்கும். கறுப்பாக வருவது ரேடியேட்டர் இரும்பு அரித்து உண்டான மேக்னடைட். தெளிவாக வரும்வரை நிரப்பி நிரப்பி வடியுங்கள்.

பைப் வேலைக்கு நான்கே விஷயம். ஒன்று, 1970களுக்கு முந்திய வீடுகளில் செம்புப் பைப் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலப் பைப்பில் 15 மில்லிமீட்டர் கம்ப்ரஷன் ஃபிட்டிங் உட்காரும், ஆனால் முக்கால் அங்குலத்தில் 22 மில்லிமீட்டர் உட்காராது, அதற்கென்று அடாப்டர் உண்டு. இரண்டு, டேப்பை ரேடியேட்டர் டெயிலின் மரையில்தான் சுற்றவேண்டும், கம்ப்ரஷன் மரையில் அல்ல. அங்கே தண்ணீரை நிறுத்துவது ஆலிவ் என்ற வளையம். மூன்று, பிளாஸ்டிக் பைப் போட்டால் ஆக்சிஜன் நுழையாத பேரியர் வகையாக இருக்கட்டும். பாய்லரிலிருந்து முதல் 1 மீட்டரை எப்போதும் செம்பில் எடுங்கள். நான்கு, தளத்தைப் பிரித்திருக்கும்போதே ரிட்டர்ன் பைப்பில், பாய்லருக்கு அருகே, மேக்னட் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துங்கள். அது இல்லாத வீட்டில் புது பாய்லர் போட நான் ஒப்புவதில்லை.

இனித்தான் பெரும்பாலோர் தாண்டிப்போகும் இடம். சிஸ்டம் காலியாக இருக்கும்போது எக்ஸ்பான்ஷன் வெசலைச் சோதியுங்கள். நிரப்பிய பிறகு சோதித்துப் பயனில்லை, தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து கேஜ் பொய் சொல்லும்.

தண்ணீர் சூடானால் பெருகும். 100 லிட்டர் கொள்ளும் சிஸ்டம் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 3 லிட்டர் கூடும். தண்ணீரை நசுக்க முடியாது என்பதால் அந்த 3 லிட்டருக்கும் வெசல் இடம் கொடுக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்றுப் பக்கத்து அழுத்தம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிவிடும். இடம் இல்லாத தண்ணீர் கேஜை 3 பாருக்கு ஏற்றும். உடனே பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புப் பைப் வழியாகத் தண்ணீரைக் கொட்டும். இரவில் பாய்லர் ஆறியதும் பிரஷர் பூச்சியம். காலையில் வீட்டுக்காரர் தண்ணீர் சேர்ப்பார், மாலையில் அது மறுபடி வெளியே போகும். எங்கோ பைப் ஒழுகுகிறது என்று புதுத் தரையைப் பெயர்த்துப் பார்த்தவர்கள்கூட உண்டு. சூடான நேரத்தில் கேஜ் 3ஐத் தொடுகிறதா என்று பார்த்திருந்தால் தரை தப்பியிருக்கும்.

வெசல் வெளியே, வெந்நீர் சிலிண்டர் அலமாரியில் தொங்கினால் நீங்களே பார்க்கலாம். அதன் நுனியில் கார் டயரில் உள்ளதைப் போன்ற வால்வு இருக்கும். டிரெயின் காக் திறந்தே இருக்கட்டும். வால்வு ஊசியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, வெசலை மாற்றவேண்டும். காற்று வந்தால் கைப் பம்பால் அடித்து, பாய்லர் கையேடு சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பல வீடுகளில் அது 0.75 முதல் 1 பார், அதாவது 11 முதல் 14.5 பிஎஸ்ஐ. காலால் மிதிக்கும் பம்பின் முள் இவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்டாது, டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள். கம்ப்ரசரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். காம்பி பாய்லரில் வெசல் பெரும்பாலும் உள்ளே இருக்கும். மூடியைக் கழற்றித்தான் எட்டவேண்டுமென்றால் அது கேஸ் சேஃப் ஆளின் வேலை. ஆண்டு சர்வீஸுக்கு அவர் வரும்போது "வெசல் காற்றைப் பாருங்கள்" என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பல பேர் பார்ப்பதில்லை.

அடுத்து, தண்ணீர் திறப்பதற்கு முன் செய்யவேண்டியது. சிலிண்டர் உள்ள வீடுகளில் பைப்பில் மோட்டார் வால்வுகள் இருக்கும். மின்சாரம் இல்லாதபோது அவை பாதையை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள சின்ன நெம்புகோலை ‘மேனுவல்’ பக்கம் தள்ளி மாட்டுங்கள். இதை மறந்தால் பாதி சிஸ்டத்தில் காற்று சிறைப்பட்டு நிற்கும், எத்தனை திருகைத் திறந்தாலும் வராது. காம்பியில் இதற்கென்று ஒரு நிரப்பும் நிலை இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் தலைகளையும் கழற்றிவிடுங்கள். கோடை முழுவதும் மூடிக் கிடந்த வால்வுகளில் நடு ஊசி கீழேயே ஒட்டிப்போயிருக்கும். விரலாலோ மரக்கட்டையாலோ மெல்ல அழுத்தி அழுத்தி விட்டால் மேலே எழும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஊசி கையோடு வந்து, கறுப்புத் தண்ணீர் கூரைவரை பாயும். ஏர்லாக் என்று பேசப்படும் பல கேஸ்கள் இந்த ஊசிதான்.

டிரெயின் காக்கையும் காற்றுத் திருகுகளையும் மூடினீர்களா? இப்போது ஃபில்லிங் லூப், அதாவது குடிநீர்ப் பைப்பிலிருந்து ஹீட்டிங் பைப்புக்குத் தண்ணீர் விடும் ஹோஸ். அதைத் துளித் துளியாகத் திறங்கள். பைப்பில் தண்ணீர் சீறும் சத்தம் கேட்டால் அதிகம். வேகமாகப் பாயும் தண்ணீர் காற்றைத் தாண்டிப் போய்விடும், மெதுவாக ஏறும் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு ஏறும். 1 பாரில் நிறுத்துங்கள். பம்ப் ஓடக்கூடாது. கீழ்த்தள ரேடியேட்டர்களில் முதலில், பிறகு மேல்மாடியில், சாவியால் கால் சுற்றுத் திறந்து காற்றை விடுங்கள். சத்தம் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடுங்கள். திருகை முழுவதும் கழற்றாதீர்கள், பழைய துணி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கேஜ் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் குளிர்ந்த நிலையில் 1.2 பாரில் விடுவது என் வழக்கம். 1.5க்கு மேல் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் லூப் ஹோஸைக் கழற்றி, இரு முனைக்கும் மூடி போடுங்கள். அழுக்கு ஹீட்டிங் தண்ணீர் குடிநீர்ப் பைப்புக்குள் திரும்பிவிடக்கூடாது என்பதற்காக 1999ஆம் ஆண்டின் தண்ணீர்ப் பொருத்து விதிகள் இந்த வகை ஹோஸ் இணைப்பைத் தற்காலிகமானதாகவே அனுமதிக்கின்றன. மாட்டியபடியே விட்ட லூப்பின் வால்வு கசிந்து, பிரஷர் தானாக ஏறிய வீடுகளும் உண்டு.

ஒரு ரேடியேட்டர் மட்டும் பிடிவாதம் பிடித்தால் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, பம்பை ஓடவிடுங்கள். முழு அழுத்தமும் அந்த ஒன்றின் வழியாகப் போகும். 8 மில்லிமீட்டர் மைக்ரோபோர் பைப் உள்ள வீடுகளுக்கு இந்த வழிதான்.

நிரப்பி முடிந்ததும் காய்ந்த டிஷ்யூவால் ஒவ்வொரு ஜாயின்டையும் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு டிஷ்யூவில் தெரியும். ஒழுகல் இல்லை என்று உறுதியான பிறகே, அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் மருந்து. ஃபெர்னாக்ஸோ சென்டினலோ, உங்கள் சிஸ்டத்தின் லிட்டர் கணக்குக்கு லேபிள் சொல்லும் அளவு. குறுக்குவழி: மேக்னட் ஃபில்டரின் இரு பக்க வால்வையும் மூடி, மேல்மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு அதற்குள்ளேயே ஊற்றலாம். இந்த மருந்தைத் தவிர்த்துச் சேமிக்கும் பணம், சில வருஷத்தில் ஓட்டையான ரேடியேட்டருக்குப் போய்விடும்.

மோட்டார் வால்வு நெம்புகோலையும் தெர்மோஸ்டாட் தலைகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, லாக்‌ஷீல்டுகளை எழுதிவைத்த சுற்றுக்குத் திருப்பி, பாய்லரைப் போடுங்கள். சூட்டில் கேஜ் 2 பாரை ஒட்டி நின்றால் நல்லது. புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூட்டில் பிரிந்து வரும், அதனால் முதல் வாரத்தில் மேல்மாடியில் மறுபடி காற்று எடுக்கவேண்டியிருக்கும். மாதங்கள் கழித்தும் வாராவாரம் காற்று சேர்ந்தால், அது பெரும்பாலும் இரும்பு அரிப்பதால் வரும் ஹைட்ரஜன். எரியக்கூடிய வாயு, அருகில் தீ வேண்டாம், மருந்து போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒழுகலே காணோம், ஆனாலும் பிரஷர் இறங்குகிறது என்றால் தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. ஓர் இரவு பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, அதன் அடியில் ஹீட்டிங் போகும், வரும் இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டுப் படுங்கள். காலையில் பாய்லர் கேஜ் இறங்கியிருந்தால் கோளாறு பாய்லருக்குள்ளே, கேஸ் சேஃப் ஆளைக் கூப்பிடுங்கள். அப்படியே நின்றால் ஒழுகல் வீட்டுப் பைப்பில். நீங்கள் கடைசியாகக் கைவைத்த ஜாயின்டிலிருந்து தேடத் தொடங்குங்கள். வால்வுகளைத் திறக்காமல் பாய்லரைப் போட்டுவிடாதீர்கள்.